புதுச் சென்சார், பழைய வண்டி: எஞ்சின் ஏன் நின்றுபோகிறது?

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார்களில் தோன்றும் கோளாறுகளுள், ஓட்டத்தின் நடுவே எஞ்சின் திடீரென நின்றுபோவதும் சற்று நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஸ்டார்ட் ஆவதும் கண்டறிவதற்கு மிகவும் கடினமானவை. ஏனெனில் வண்டி பட்டறைக்கு வந்து சேரும் வேளையில் கோளாறு பெரும்பாலும் மறைந்திருக்கும். இதற்கு ஒரு சென்சாரே காரணம் என்று முடிவுசெய்து அதை மாற்றிய பிறகும் வண்டி நிற்குமானால், உரிமையாளரும் மெக்கானிக்கும் அந்தச் சென்சாரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, பெட்ரோல் பம்ப், வயரிங், இறுதியில் எஞ்சினை ஆளும் கணினி என்று ஒவ்வொன்றாக மாற்றிச் செலவைப் பெருக்கிக்கொள்கின்றனர். புதிதாகப் பொருத்தியது பழுதாக இருக்க முடியாது என்னும் எண்ணமே இங்கே தேடலைத் தடம்மாற்றுகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மாற்றுச் சென்சார்களைப் பொறுத்தவரை அந்த எண்ணத்துக்கு அடிப்படை இல்லை என்பதையும், அளவீடுகளின் துணையோடு கோளாற்றின் வேரை அடையும் வழி எளியது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்புரேட்டரிலிருந்து கணினிக்கு

கார்புரேட்டர் இருந்த காலத்தில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை உறிஞ்சும் காற்றின் வேகமும் சிறு துளைகளின் குறுக்களவும் தீர்மானித்தன. மின்சாரத்துக்கு அங்கே பெரிய பங்கு இல்லை. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இல் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு எரிபொருள் முறையை ஃபோக்ஸ்வாகன் கார்களில் அறிமுகப்படுத்திய பின்னர், எஞ்சினின் நிலையைச் சென்சார்கள் அளந்து சொல்ல, அதற்கேற்பப் பெட்ரோலின் அளவை ஒரு மின்சுற்று கணக்கிடும் முறை படிப்படியாகப் பரவியது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இஞ்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை கார்களில் பொதுவானது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த கார்கள் இன்று பழைய வண்டிகளாகி, மாற்று உதிரிபாகச் சந்தையைச் சார்ந்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வகை வண்டியில் முடிவெடுக்கும் இடம் ஈ.சி.யு. எனப்படும் எஞ்சின் கணினியாகும். அதற்குக் கண்ணும் காதும் கிடையாது; சென்சார்கள் அனுப்பும் மின்னழுத்தங்களும் துடிப்புகளுமே அது அறியும் உலகம். ஒரு சென்சாரின் கம்பி அறுந்துவிட்டால், வந்துசேரும் மின்னழுத்தம் இயல்புக்கு அப்பாற்பட்டதாக இருப்பதால், ஈ.சி.யு. அதைப் பழுது என்று உணர்ந்து, தன் நினைவில் பதித்துள்ள மாற்று மதிப்பைக் கொண்டு வண்டியை ஒருவாறு ஓட்ட முயலும். நம்பத்தக்க எல்லைக்குள்ளேயே தவறான மதிப்பை அனுப்பும் சென்சாரை அதனால் அடையாளம் காண இயலாது. உடைந்த தராசைக் கடைக்காரர் ஒதுக்கி வைத்துவிடுவார், எடை பிசகிய தராசில்தான் நாள் முழுதும் வியாபாரம் நடக்கும் என்பதைப்போல, முற்றிலும் செத்த சென்சாரைவிட அரைகுறையாக வேலைசெய்யும் சென்சாரே அதிகத் தொல்லை தருகிறது.

கிராங்க் சென்சாரின் வேலை

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு கிராங்க் ஷாஃப்ட் எனப்படும். அந்தத் தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதை அறிந்தால்தான் எந்தச் சிலிண்டரில் எப்போது பெட்ரோலைப் பீய்ச்சுவது, எப்போது பொறியைக் கொடுப்பது என்பதை ஈ.சி.யு. தீர்மானிக்க முடியும். இதற்காகத் தண்டோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரம் ஒன்றும், அதன் பற்களைத் தொடாமல் மிக அருகில் நிற்கும் கிராங்க் சென்சாரும் வைக்கப்படுகின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு வகைச் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடமிருந்தாலும் இரண்டு பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டு 58 மட்டுமே இருக்கும். அந்த இடைவெளி கடந்துபோகும் கணத்தைக் கொண்டு சுழற்சியின் தொடக்கத்தை ஈ.சி.யு. அறிந்துகொள்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்று என்னும் ஐடிலிங் வேகத்தில் இச்சென்சார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 770 துடிப்புகளையும், 3,000 சுற்று வேகத்தில் 2,900 துடிப்புகளையும் பிசகில்லாமல் அனுப்பியாக வேண்டும்.

கிராங்க் சென்சார்களில் இரு வகைகள் உண்டு. முதல் வகையில் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் மட்டுமே இருக்கும்; பல் ஒன்று கடந்துசெல்லும்போது காந்தப்புலம் மாறுவதால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியே இதன் அடிப்படை. இருசக்கர வண்டிகளில் பல்சர் காயில் என்று மெக்கானிக்குகள் குறிப்பிடும் பாகமும் இவ்வகையைச் சேர்ந்ததே. இரண்டாம் வகை, எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த ஹால் விளைவைப் பயன்படுத்துவது. இதற்குள் ஒரு சிறு மின்னணுச் சில்லு இருப்பதால், ஈ.சி.யு.விலிருந்து மின்சாரம் பெற்று, உண்டு இல்லை என்று இரண்டே நிலைகளில் மாறும் சதுர வடிவத் துடிப்புகளை அனுப்பும். பொதுவாகச் சுருள் வகைக்கு இரண்டு கம்பிகளும் ஹால் வகைக்கு மூன்று கம்பிகளும் இருக்கும். எனினும் சுருள் வகையிலும் இரைச்சலைத் தடுக்கும் உறைக்கென மூன்றாம் கம்பி வருவதுண்டு என்பதால், கம்பிகளை எண்ணிப் பார்த்து மட்டும் வகையை முடிவுசெய்வது சரியாகாது.

கிராங்க் சென்சாரின் துடிப்பு நின்றால், எஞ்சின் நின்றுவிட்டது என்றே ஈ.சி.யு. பொருள்கொள்ளும். உடனே இஞ்ஜெக்டர்களையும் பொறியையும் நிறுத்துவதோடு, விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகப் பெட்ரோல் பம்புக்குச் செல்லும் ரிலேயையும் அது துண்டித்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டை அறியாதவர்கள், வண்டி நின்றபோது பம்ப் ஓடவில்லை என்பதைக் கண்டு பம்பை மாற்றுகின்றனர்; மாற்றுவதற்குள் சென்சார் ஆறிவிடுவதால் வண்டி ஸ்டார்ட் ஆகி, பம்பே காரணம் என்னும் தவறான முடிவு உறுதிப்படுகிறது. எஞ்சின் விளக்கு எரியாமலும் பழுதுக் குறியீடு பதியாமலும் போவதற்கும் இதுவே காரணம். துடிப்பு வராததைச் சென்சாரின் பழுதாகக் கொள்வதா, எஞ்சின் உண்மையிலேயே நின்றதாகக் கொள்வதா என்பதை, கேம் ஷாஃப்ட் சென்சார் போன்ற வேறொரு சான்று இல்லாமல் ஈ.சி.யு. பிரித்தறிய இயலாது.

மாற்றுச் சென்சார் பிசகும் இடங்கள்

மாற்று உதிரிபாகம் என்பது கார் நிறுவனத்தின் பெட்டியில் வராமல் வேறு தயாரிப்பாளர் செய்து விற்கும் பாகத்தைக் குறிக்கும். இவை அனைத்தும் தரமற்றவை என்று சொல்லிவிட முடியாது. கார் நிறுவனத்துக்கே சென்சார் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர் அதே பொருளைத் தன் பெயரிட்ட பெட்டியில் குறைந்த விலைக்கு விற்பது வழக்கம். அதற்கு அடுத்த படியில் தாமாகவே வடிவமைத்துத் தரத்தோடு செய்யும் நிறுவனங்களும், அதற்கும் கீழே வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வார்த்தெடுக்கும் பெயரற்ற தயாரிப்புகளும், கடைசியாகப் புகழ்பெற்ற பெயரைத் திருடி அச்சிட்ட போலிகளும் உள்ளன. சென்னையின் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் ஒரிஜினல், லோக்கல், டூப்ளிகேட் என்று வழங்கும் சொற்கள் இந்தப் படிகளையே சுட்டுகின்றன.

பெயரற்ற சென்சார் பிசகும் முதல் இடம் அதன் நீளம். சென்சாரின் முனைக்கும் பல்லுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி பல வண்டிகளில் அரை மில்லிமீட்டருக்கும் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது; வார்ப்பில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே இந்த இடைவெளி இருமடங்காகிவிடும். சுருள் வகையில் தூண்டப்படும் மின்னழுத்தம் சுழலும் வேகம் குறையக் குறையச் சிறுத்துக்கொண்டே போவதால், இடைவெளி அதிகமான சென்சார் நெடுஞ்சாலை வேகத்தில் குறையின்றி வேலைசெய்து, சிக்னலில் கிளட்சை மிதித்து எஞ்சின் ஐடிலிங்குக்கு இறங்கும் கணத்தில் கைவிட்டுவிடும். ஓடும்போது நன்றாக ஓடுகிறது, நிறுத்தும் இடத்தில் நின்றுபோகிறது என்னும் புகாருக்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களுள் இது ஒன்று. காந்தத்தின் வலு குறைவாக இருந்தாலும் விளைவு இதுவே.

இரண்டாம் இடம் வெப்பம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும் இயல்புடையது என்பதால், 30 டிகிரியில் 900 ஓம் காட்டும் நல்ல சுருளே 100 டிகிரியில் 1,140 ஓம் அளவுக்கு உயரும். இது எதிர்பார்க்கத்தக்க மாற்றம். மலிவான தயாரிப்பில், சூட்டில் விரியும் பிளாஸ்டிக் மெல்லிய கம்பியையோ பற்றவைப்பையோ இழுத்துப் பிரித்துவிட, மின்தடை திடீரென எல்லையற்றதாகிறது. ஆறியதும் முனைகள் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. ஹால் வகையில், எஞ்சின் அறையின் சூட்டைத் தாங்கும்படி வடிவமைக்கப்படாத சில்லு சூடேறியதும் துடிப்பை நிறுத்திவிடும். நெடுந்தூரம் ஓடிய பின் நின்று, அரைமணி நேரம் காத்திருந்தால் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இக்காரணத்தை முதலில் சந்தேகிப்பது பொருத்தமானது.

மூன்றாம் இடம் மின்னிணைப்பு. கப்ளர் எனப்படும் இணைப்பியின் ஊசிகள் அரை அளவு மெலிந்திருந்தால் அதிர்வில் தொடர்பு விட்டுவிட்டுப் போகும். கம்பியைச் சுற்றிய உறை விடப்பட்டிருந்தால் இக்னிஷன் காயிலின் இரைச்சல் துடிப்புகளோடு கலக்கும். சுருள் வகையில் இரு கம்பிகளும் இடம்மாறி வந்தால் அலை தலைகீழாகி, பொறியின் நேரம் சில டிகிரி பிசகவோ, விடுபட்ட பல் ஈ.சி.யு.வுக்குத் தவறான இடத்தில் தெரியவோ கூடும். இத்தகைய வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் திணறும். மின்தடையை அளந்தால் சரியான எண்ணே காட்டும் என்பதால் இந்தப் பிழை எளிதில் தப்பிவிடுகிறது.

கார் நிறுவனத்தின் பாகமும் பிழைக்கு அப்பாற்பட்டது என்று கருதிவிடலாகாது. கிராங்க் கோணச் சென்சாரால் எஞ்சின் நின்றுபோகும் வாய்ப்பு இருந்ததால் நிசான் நிறுவனம் 2003-இல் உலகெங்கும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆயினும் அங்கே குறை கண்டுபிடிக்கப்பட்டபோது பொறுப்பேற்று மாற்றித் தர ஒரு நிறுவனம் இருந்தது. பெயரற்ற பெட்டியில் வரும் பாகத்துக்கு அத்தகைய பொறுப்பாளர் இல்லை என்பதே பெரிய வேறுபாடு.

எஞ்சினை நிறுத்தக்கூடிய பிற சென்சார்கள்

கேம் ஷாஃப்ட் சென்சார், வால்வுகளைத் திறக்கும் தண்டின் நிலையைச் சொல்வது. ஓடும்போது இது பழுதானால் பல வண்டிகள் கிராங்க் துடிப்பை மட்டும் வைத்துத் தொடர்ந்து ஓடும். பழைய வண்டிகள் சிலவற்றிலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சாரே வேகத்தையும் நிலையையும் சேர்த்துச் சொல்வதால், அது செயலிழந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

இந்தியாவின் பல சிறிய பெட்ரோல் கார்களில் காற்றின் அளவை மேப் சென்சார் வழியாகவே ஈ.சி.யு. கணக்கிடுகிறது, காற்று உள்ளே செல்லும் மேனிஃபோல்டில் நிலவும் அழுத்தத்தை இது அளக்கிறது. சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாத நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும் என்பதால் இதைச் சரிபார்ப்பது எளிது: கடல் மட்டத்தில் உள்ள சென்னையில் சுமார் 101 கிலோ பாஸ்கலும், 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள உதகையில் சுமார் 77 கிலோ பாஸ்கலும் இயல்பானவை. ஐடிலிங்கில் இது 30 முதல் 40 வரை இறங்க வேண்டும். இறங்காமல் உயர்ந்த எண்ணையே காட்டும் சென்சார், எஞ்சினுக்குள் காற்று மிகுதியாகச் செல்வதாக ஈ.சி.யு.வை நம்பவைத்து, தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டச் செய்து, ஐடிலிங்கில் எஞ்சினை மூச்சுத் திணறவைக்கிறது. காற்றின் நிறையை நேரடியாக அளக்கும் மாஸ் சென்சாருக்கும் இது பொருந்தும். அதன் மின்னழுத்தத்துக்கும் காற்றின் நிறைக்கும் உள்ள தொடர்பு ஒரு நேர்கோட்டில் அமையாமல் வளைகோடாக இருப்பதால், அந்த வளைகோட்டை அச்சாகப் பின்பற்றாத மாற்றுச் சென்சார் ஒரு வேகத்தில் சரியாகவும் வேறொரு வேகத்தில் தவறாகவும் சொல்லும்.

கூலன்ட் வெப்பச் சென்சார், சூடேறினால் மின்தடை குறையும் ஒரு சிறு பொருளால் ஆனது. பரவலான ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருப்பது 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். வேறு வளைகோடு கொண்ட பாகத்தைப் பொருத்தினால், நன்கு சூடான எஞ்சினையும் குளிர்ந்ததாகக் கருதி ஈ.சி.யு. கூடுதல் பெட்ரோலைச் செலுத்துவதால், கரும்புகையும் பெட்ரோல் வாடையும் எழுந்து ஐடிலிங்கில் வண்டி நிற்கும். பழைய வண்டிகள் பலவற்றில் டாஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சாரும் ஈ.சி.யு.வுக்கு வேறொரு சென்சாரும் இருப்பதால், முள் சரியாகக் காட்டுகிறது என்பது ஈ.சி.யு.வுக்கும் சரியான தகவல் போகிறது என்பதற்குச் சான்றாகாது. ஆக்சலேட்டரின் திறப்பைச் சொல்லும் த்ராட்டில் சென்சார், மூடிய நிலையில் சுமார் அரை வோல்ட் காட்ட வேண்டியிருக்க, சற்றே உயர்ந்து காட்டினால், கால் எடுத்ததை ஈ.சி.யு. உணராமல் ஐடிலிங் கட்டுப்பாட்டைத் தொடங்காது. காமன் ரயில் டீசல் வண்டிகளில் ரயில் அழுத்தச் சென்சார் இதற்கு இணையான இடத்தை வகிக்கிறது. அது அழுத்தத்தைத் தவறாகச் சொன்னால் எஞ்சின் நிற்கும் அல்லது ஸ்டார்ட் ஆகவே மறுக்கும்.

கண்டறியும் வரிசை

முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி, எந்தச் சூழலில் வண்டி நிற்கிறது என்பதாகும். சூட்டிலா குளிரிலா, ஐடிலிங்கிலா வேகத்திலா, குழியில் இறங்கும்போதா, ஏசி போட்டதுமா, அண்மையில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பவற்றை உரிமையாளர் குறித்துவைத்தால் தேடல் பாதியாகச் சுருங்கும். இவற்றுள் கடைசிக் கேள்வி முதன்மையானது. ஒரு பாகத்தை மாற்றிய பின்னரே கோளாறு தொடங்கியது அல்லது தன்மை மாறியது என்றால், அந்தப் பாகமே முதல் சந்தேகத்துக்குரியது.

வண்டி நிற்கும் கணத்தில் டாக்கோமீட்டர் எனப்படும் சுழற்சிமானியின் முள் எப்படி இறங்குகிறது என்பது விலையில்லாச் சான்று. வண்டி கியரில் உருண்டு சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதும் முள் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் துடிப்பு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து முள்ளும் மெல்ல இறங்கினால் எரிபொருளையோ பொறியையோ சந்தேகிக்கலாம். நின்ற வண்டியைச் செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் எஞ்சின் வேகம் 150, 200 என்று காட்டுகிறதா, பூஜ்யமாகவே நிற்கிறதா என்று பார்ப்பது இதனினும் உறுதியான சோதனை.

ஸ்கேனர் பழுதுக் குறியீடுகளை மட்டும் படிப்பதற்கான கருவி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பி0335 கிராங்க் சென்சார் சுற்றின் பழுதையும், பி0339 விட்டுவிட்டு வரும் பழுதையும், பி0340 கேம் சென்சார் சுற்றின் பழுதையும் குறிக்கும் என்பது உண்மையே; ஆனால் நேரலையாக வரும் மதிப்புகளே இதைவிடப் பயனுள்ளவை. இரவு முழுதும் நிறுத்திய வண்டியில் காலையில் சாவியைப் போட்டதும் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் சில டிகிரி வேறுபாட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் இரண்டில் ஒன்று தவறாகச் சொல்கிறது. ஃப்யூயல் ட்ரிம் என்பது கலவையைச் சரிசெய்ய ஈ.சி.யு. எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்னும் கணக்கு. அது கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்தைத் தாண்டி நிலைத்திருந்தால் காற்றை அளக்கும் சென்சாரையோ காற்றுக் கசிவையோ ஆராய வேண்டும். இந்தியாவில் 2013-க்குப் பிந்தைய வண்டிகளில் பொதுவான ஸ்கேனர் வேலைசெய்யும். அதற்கு முந்தையவற்றில் அந்தந்த நிறுவனத்துக்குரிய மென்பொருள் தேவைப்படலாம்.

அடுத்த படி மல்டிமீட்டர். சுருள் வகைச் சென்சாரின் மின்தடையைக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளந்து, அந்த வண்டிக்கான கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மாறுமின்னழுத்த அளவில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் அரை வோல்ட்டுக்குக் குறையாத ரீடிங் கிடைக்க வேண்டும். ஹால் வகையை ஓம் அளவில் வைத்துச் சோதித்தல் கூடாது, மீட்டரின் மின்னோட்டமே சில்லைக் கெடுத்துவிடக்கூடும். அதற்குப் பதில், கப்ளரில் மின்வழங்கல் வருகிறதா, எர்த் சரியாக உள்ளதா, துடிப்புக் கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறதா என்னும் மூன்றையும் பார்க்க வேண்டும். அலையின் வடிவத்தையே திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் தலைகீழான அலை, இடையில் விடுபடும் துடிப்பு, கலந்துள்ள இரைச்சல் ஆகிய அனைத்தும் ஒரே பார்வையில் புலப்படும்.

சூட்டில் மட்டும் தோன்றும் கோளாற்றைப் பட்டறையிலேயே வரவழைக்க, ஐடிலிங்கில் ஓடும் எஞ்சினின் சென்சாரை ஹேர் டிரையரால் சூடேற்றி, நின்றதும் ஈரத்துணியால் குளிர்வித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கும் முறை உண்டு. பெல்ட், ஃபேன் ஆகியவற்றிலிருந்து கையையும் கம்பியையும் விலக்கி, பெட்ரோல் கசிவு இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே இதில் இறங்க வேண்டும். கம்பியை மெல்ல அசைத்துப் பார்க்கும் சோதனையும் இதே வேளையில் செய்யத்தக்கது. அசைத்ததும் எஞ்சின் திணறினால் குற்றம் சென்சாருடையதா கப்ளருடையதா என்பது தெளிவாகும்.

பழைய சென்சார் கைவசம் இருந்தால் அதை மீண்டும் பொருத்திப் பார்ப்பது மிகச் சிறந்த ஒப்பீடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து முனையின் நீளம், மின்தடை, ஊசிகளின் பருமன், முனை எவ்வளவு வலுவாக இரும்பைக் கவ்வுகிறது என்பவற்றை ஒப்பிடும்போது, மாற்றுப் பாகத்தின் குறை கண்ணுக்கே தெரிவது உண்டு.

சென்சார் மேல் விழும் வீண்பழி

எல்லா நிறுத்தங்களுக்கும் சென்சாரைக் குற்றம்சாட்டுவதும் அதே அளவு தவறு. பழைய வண்டியில் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் நல்ல சென்சாரும் தவறாகவே சொல்லும்; சென்சார் எர்த்துக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே, எஞ்சின் ஓடும்போது, 0.1 வோல்ட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. ஐடிலிங் வால்விலும் த்ராட்டில் பாடியிலும் படிந்த கரி, வெடித்த வேக்கம் ஹோஸ், தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச், சூட்டில் விடும் பம்ப் ரிலே, அழுக்கடைந்த பெட்ரோல் ஃபில்டர் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். பல்சக்கரத்தின் பல் ஒன்று உடைந்திருந்தாலோ அதில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலோ எத்தனை சென்சார் மாற்றினாலும் பயனில்லை. வண்டி நின்ற நிலையில் பொறி வருகிறதா, இஞ்ஜெக்டருக்குத் துடிப்பு வருகிறதா, பெட்ரோல் அழுத்தம் உள்ளதா என்னும் மூன்றையும் சோதித்தால் தேடல் சரியான கிளைக்குத் திரும்பும்: அழுத்தம் மட்டும் இல்லாவிட்டால் பம்பின் பக்கமும், மூன்றும் ஒருசேர இல்லாவிட்டால் கிராங்க் சென்சார் அல்லது ஈ.சி.யு.வுக்கான மின்வழங்கலின் பக்கமும் செல்ல வேண்டும்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிச் சென்சார் வாங்குவது போதாது. ஒரே மாடலில் ஆண்டின் நடுவே பாகம் மாறியிருக்கும் என்பதால், பழைய சென்சாரில் பொறித்துள்ள பகுதி எண்ணையோ சேஸிஸ் எண்ணையோ கொண்டே பொருத்தத்தை உறுதிசெய்ய வேண்டும். அச்சு மங்கிய பெட்டி, எழுத்துப்பிழை, பொருந்தாத எண், நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த விலை ஆகியவை போலியின் அடையாளங்கள். பில் இல்லாமல் வாங்கிய பாகத்துக்கு நீதி கேட்க வழியில்லை. பில் இருந்து கடைக்காரர் மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பொருத்தும் இடத்தில் துருவையும் பழைய எண்ணெயையும் துடைத்து, முனை முழுமையாக உட்கார்ந்துள்ளதா என்று பார்த்து, கம்பியைச் சைலன்சரின் சூடு படாத பழைய வழியிலேயே கட்ட வேண்டும். சில வண்டிகளில் கிராங்க் சென்சாரையோ த்ராட்டில் பாகத்தையோ மாற்றியபின் ஸ்கேனரைக் கொண்டு ஈ.சி.யு.வுக்கு மறுகற்றல் செய்ய வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டால் நல்ல பாகமும் பழுதுபோலவே நடந்துகொள்ளும்.

எஞ்சின் நின்றுபோவது செலவுக் கணக்கோடு முடியும் விஷயமாகாது. நின்ற கணத்தில் பவர் ஸ்டீயரிங் கடினமாகும். பிரேக் பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிப்புகளுக்கே உதவும். ஆகையால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, வண்டியை இடப்பக்கம் ஒதுக்குவது நல்லது. வண்டி உருளும்போது சாவியைப் பூட்டும் நிலைக்குத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்பதை ஒருபோதும் மறக்கலாகாது. காரணம் தெரியும்வரை அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கும் மலைப்பாதைக்கும் எடுத்துச் செல்லாதிருப்பதே அறிவுடைமை.

பெயரற்ற கிராங்க் சென்சாரில் மிச்சமாகும் தொகை, தவறான தேடலில் மாற்றப்படும் ஒரு பெட்ரோல் பம்பின் விலைக்கு ஈடாகாது. ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் மெக்கானிக்கிடம் கேட்டுப் பெற வேண்டியவை இரண்டு: மாற்றுவதற்கு முன்னும் மாற்றிய பின்னும் எடுத்த ரீடிங்குகளை, பாகத்தின் எண்ணோடு சேர்த்துப் பில்லிலேயே எழுதித் தருவது ஒன்று, கழற்றிய பழைய சென்சாரைத் திருப்பித் தருவது மற்றொன்று. புதிய பாகம் சில மாதங்கள் வெயிலிலும் மழையிலும் பிசகில்லாமல் ஓடிக் காட்டும்வரை அந்தப் பழைய சென்சாரைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.